சளி ஸ்லைடும் தட்டை லென்ஸும்

இருபது வருடமாக மைக்ரோஸ்கோப்பில் சளி ஸ்லைடு பார்க்கிறேன். ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு ஆயில் விட்டு, 100 மடங்கு ஆப்ஜெக்டிவை, அதாவது ஸ்லைடுக்கு நேர் மேலே இருக்கும் லென்ஸை, அந்தச் சொட்டில் தொடும் வரை இறக்கி, ஃபைன் குமிழை மெல்லத் திருப்பினால், நீலப் பின்னணியில் சிவப்பாக ஒரு சின்னக் கோடு தெளியும். அதுதான் டி.பி. கிருமி. நீளம் 2 முதல் 4 மைக்ரான், தடிமன் அரை மைக்ரானுக்கும் கீழே. அந்தச் சிவப்பும் இந்த நீலமும் ஒரே ஃபோகஸில் கூர்மையாக விழுந்தால்தான் ‘பாசிட்டிவ்’ என்று துணிந்து எழுத முடியும்.

அதனால்தான் “கண்ணாடி லென்ஸின் காலம் முடிந்தது, இனி எல்லாம் மெட்டாலென்ஸ்தான்” என்று பகிரப்படும் செய்திகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. மெட்டாலென்ஸ் என்ற இந்தத் தட்டை லென்ஸ் உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் அதை இப்படிச் சொல்லக் கூடாது.

கண்ணாடி லென்ஸ் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருக்கும். தடித்த இடத்தில் ஒளி அதிகம் தாமதிக்கும், அதனால் எல்லாக் கதிரும் ஒரு புள்ளியில் வந்து சேரும். அந்த வேலையை வளைவே இல்லாமல் செய்வதுதான் மெட்டாலென்ஸ். 2016-இல் ஹார்வர்டில் ஃபெடரிகோ கப்பாசோவின் குழு, தட்டைக் கண்ணாடி மேல் டைட்டானியம் டை ஆக்சைடில் 600 நானோமீட்டர் உயரத் தூண்களை நாற்று நட்ட மாதிரி நெருக்கமாக நிறுத்தியது. எல்லாம் ஒரே அளவுச் செவ்வகத் தூண்கள். எந்தத் தூணை எவ்வளவு திருப்பி நிறுத்துகிறோம் என்பதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. லென்ஸின் விட்டம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. நியூமெரிக்கல் அப்பர்ச்சர், அதாவது எவ்வளவு அகலமான கோணத்திலிருந்து ஒளியை வாங்குகிறது என்ற அளவு, மட்டும் 0.8! பல கண்ணாடிகளை அடுக்கி ஒரு ஆப்ஜெக்டிவ் செய்கிறவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய காரியம் என்று.

இதையும் ‘சூப்பர் லென்ஸ்’ என்பதையும் போட்டுக் குழப்புகிறார்கள். சூப்பர் லென்ஸ் என்பது இயற்பியலாளர் ஜான் பெண்ட்ரி 2000-இல் சொன்ன வேறு யோசனை. 2005-இல் பெர்க்லியில் மெல்லிய வெள்ளிப் படலத்தை வைத்து, 365 நானோமீட்டர் ஒளியில் 60 நானோமீட்டர் நுணுக்கம் வரை காட்டினார்கள். பார்க்கும் பொருள் படலத்தை ஒட்டியே இருந்தால்தான் அது நடக்கும். மெட்டாலென்ஸோ, இதற்கும் கீழான நுணுக்கத்தை லென்ஸால் பிரித்துக் காட்ட முடியாது என்று 1873-இல் இயற்பியலாளர் அபே சொன்ன எல்லைக்குள் நிற்பதுதான். 0.8 அப்பர்ச்சரில் பச்சை ஒளிக்கு அந்த எல்லை சுமார் 330 நானோமீட்டர். என் மேசையில் இருக்கும் 1.25 ஆயில் லென்ஸுக்கு 210 சொச்சம்.

சரி, நிறத்துக்கு வருவோம். சாதாரணக் கண்ணாடி லென்ஸில் நீலம் முன்னால், லென்ஸுக்குப் பக்கத்தில் குவியும், சிவப்பு பின்னால். மெட்டாலென்ஸில் நேர்மாறாகச் சிவப்புதான் முன்னால், அதுவும் இடைவெளி அதிகம். நீலத்தில் சிவப்பைத் தேடும் என் ஸ்லைடுக்கு இது ஆகாது. 2018-இல் 470 முதல் 670 நானோமீட்டர் வரை ஒரே இடத்தில் குவிக்கும் மெட்டாலென்ஸை அதே குழு செய்து காட்டியது உண்மை. ஆனால் அப்படிச் செய்யும்போது விட்டத்தையும் அப்பர்ச்சரையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. 2024-இல் வந்த 10 சென்டிமீட்டர் மெட்டாலென்ஸில் 1,870 கோடி நானோ தூண்கள். பிரமிப்பாக இருந்தது. அதுவும் ஒரே சிவப்பு நிறத்துக்காக வடிவமைத்ததுதான்.

அப்புறம் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், டி.பி. பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. ஆரமின் சாயம் போட்டு நீல எல்.இ.டி. வெளிச்சத்தில் பார்த்தால், இருட்டில் கிருமி மட்டும் மஞ்சள் பச்சையாக ஒளிரும். உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே இந்த எல்.இ.டி. முறையைப் பரிந்துரைத்துவிட்டது. இதில் ஆயில் வேண்டாம், 20 அல்லது 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் போதும். முன்னால் ஒரு ஃபில்டரைப் போட்டால் லென்ஸுக்கு வருவது குறுகிய நிறப்பட்டை மட்டுமே. மெட்டாலென்ஸின் பலவீனம் இங்கே பெரிதாகத் தொந்தரவு செய்யாது. பார்வைப் பரப்பை அகலமாக்கும் வேலைதான் பாக்கி.

தூண்களைச் செதுக்குவது சிப் தொழிற்சாலையில் நடக்கிற அதே வேலை. ஒரு தகட்டில் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கலாம். இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் வெள்ளை வெளிச்சக் கேமராவை மட்டும் குறிவைக்காமல், இந்த ஒரு நிற வேலையை முதலில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படி ஒன்று என் மேசைக்கு வந்தால், ஒரே சளியில் இரண்டு ஸ்லைடு போட்டு, ஒன்றை அதிலும் ஒன்றை என் பழைய ஆயில் லென்ஸிலும் வைத்துக் கிருமியை எண்ணிப் பார்ப்பேன்.