விவசாயி என்று நினைத்துவிட்டார்களாம்

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். 1971 போர் வெற்றி நாளான டிசம்பர் 16 விழாவில் என் பெரியப்பாவை வாசலிலேயே திருப்பி அனுப்பியதை உங்களில் பெரும்பாலானவர்கள் பார்த்துவிட்டீர்கள். விழாக் குழுவினர் நேற்று போட்ட விளக்கத்தையும் படித்திருப்பீர்கள். அந்த விளக்கம் வராமல் இருந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். "வேட்டி, துண்டோடு வந்ததால் வாசலில் நின்ற தம்பிகள் அவரை விவசாயி என்று நினைத்துவிட்டார்கள்." இதுதான் காரணமாம்.

நினைத்ததில் என்ன தப்பு? பெரியப்பா விவசாயிதான். அன்றைக்கும் விடியற்காலையில் கழனிக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினார். 1971இல் எல்லையில் நின்று சண்டை போட்டவரும் அவரேதான். ஒரே ஆள், ஒரே உடம்பு. "விவசாயிங்க கூட்டம் இங்க இல்ல பெரியவரே" என்று திருப்பி அனுப்பியது அந்த ஒரே ஆளைத்தான். அவரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டார். சட்டைப் பையில் பதக்கம் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாமே என்று கேட்டேன். "காட்டினாத்தான் உள்ள விடுவாங்கன்னா அது எதுக்கும்மா" என்றார்.

நீங்கள் மன்னிப்பு என்று எழுதியது எனக்கு ஒப்புதல் வாக்குமூலமாகத் தெரிகிறது. பட்டாளத்துக்காரர் என்றால் முன்வரிசை, விவசாயி என்றால் வாசல். இதைத்தானே சொல்கிறீர்கள்? இந்த நாட்டில் பட்டாளத்துக்குப் போனவர்களில் பெரும்பகுதி எங்கிருந்து போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? கழனியிலிருந்து போனார்கள். உயிரோடு வந்தவர்கள் கழனிக்கே திரும்பினார்கள்.

உம்ராவ் சிங்கைப் பற்றிச் சொல்கிறேன். ஹரியானாவில் ஜஜ்ஜர் பக்கம் பல்ரா என்ற கிராமம். விவசாயக் குடும்பம். 1920இல் பிறந்து, 1939 நவம்பரில் பீரங்கிப் படையில் சேர்ந்தவர். 1944 டிசம்பர் 15-16, பர்மாவின் அரக்கான் பகுதியில் கலதான் பள்ளத்தாக்கு. அவர் ஹவில்தார், ஒரு பீரங்கிக்கும் அதன் ஆட்களுக்கும் பொறுப்பு. ஜப்பானியர்கள் ஒன்றரை மணி நேரம் குண்டு வீசிவிட்டு, குறைந்தது இரண்டு கம்பெனி (படைப்பிரிவு) ஆட்களோடு ஏறி வந்தார்கள். கையெறி குண்டில் காயம்பட்டும் அவர் பிரென் என்ற இயந்திரத் துப்பாக்கியை விடவில்லை. இரண்டாவது தாக்குதல் ஓய்ந்தபோது அவரோடு சேர்த்து மூன்று பேர்தான் மிச்சம். மூன்றாவது தாக்குதலில் தோட்டா தீர்ந்துவிட்டது. பீரங்கியை நகர்த்த வைத்திருக்கும் கனத்த இரும்புத் தண்டைக் கையில் எடுத்தார். ஆறு மணி நேரம் கழித்து நம் ஆட்கள் அந்த இடத்தை மீட்டபோது, தலையெல்லாம் காயத்தோடு, முகம் அடையாளம் தெரியாமல், தண்டைப் பிடித்தபடியே நினைவில்லாமல் கிடந்தார். பக்கத்தில் பத்து ஜப்பானியர்கள் செத்துக் கிடந்தார்கள். அந்தப் பீரங்கி அன்றைக்கே மறுபடியும் சுட்டது. 1945 அக்டோபரில் பக்கிங்காம் அரண்மனையில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் கையால், பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவையை வாங்கினார்.

இதுவரைக்கும் எல்லோருக்கும் பிடித்த கதை. மேடையில் சொன்னால் கைதட்டல் வரும். இதற்கு அப்புறம் வரும் வருடங்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

போர் முடிந்து ஊருக்குப் போனார். 1948இல் சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் மறுபடி சேர்ந்து, சுபேதார் மேஜர் வரை வந்து ஓய்வு பெற்றார். அப்புறம் பல்ராவில் இரண்டு ஏக்கர் நிலம், அதை நம்பி ஒரு பெரிய குடும்பம். பதக்கத்தை விலைக்குக் கேட்டுப் பெரிய தொகை சொன்னவர்கள் உண்டு. விற்றால் அந்தக் களத்தில் செத்தவர்களின் மானத்துக்கே கறை என்று மறுத்துவிட்டார். 1983இல் பத்ம பூஷண் வந்தது. 1995இல் போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு இங்கிலாந்து போனார். அங்கே முக்கிய விருந்தினர் கூடாரத்தில், பட்டியலில் பெயர் இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். விழாப் பொறுப்பில் இருந்த ஒரு பிரிகேடியர் அடையாளம் கண்டு உள்ளே விடச் சொன்னார். அங்கே அப்படி ஒருவராவது இருந்தார்.

அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜரிடம் அவர் பேசியது எதைப் பற்றித் தெரியுமா? பென்ஷனைப் பற்றி. உயிரோடு இருந்த இந்திய விக்டோரியா சிலுவைக்காரர்களுக்கு அப்போது வந்துகொண்டிருந்தது வருடத்துக்கு இருநூறு பவுண்டைக்கூடத் தொடாத தொகை. இது எப்படிப் போதும் என்று கேட்டுவிட்டார். அந்த வருடமே அது 1,300 பவுண்டு ஆனது. அவருக்கு மட்டும் இல்லை, அந்தப் பதக்கம் வாங்கிய எல்லோருக்கும். எனக்கு அந்த இரும்புத் தண்டைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. ஒரு நாட்டின் பிரதமர் எதிரே நிற்கும்போது, நன்றி ஐயா என்று சிரித்து போட்டோ எடுத்துக்கொண்டு வருவது எளிது. கொடுக்கிற பணம் போதவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல, விதைச் செலவும் உரச் செலவும் தெரிந்த ஆள் வேண்டும். அங்கே பேசியது விவசாயி.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவரை இரண்டாகப் பிரிக்காதீர்கள். போட்டோவுக்கு ஆகிற பாதியை மட்டும் மேடைக்கு அழைத்துக்கொண்டு, கடனும் வறண்ட கிணறும் உள்ள பாதியை வாசலில் நிறுத்தாதீர்கள்.

இதுவரை எழுதியதைப் போட்டதும் வந்த கருத்துகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். "வாசலில் நின்றது சின்னப் பசங்க, அவங்களுக்கு என்ன தெரியும்" என்கிறார்கள். சரி, அவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. வேட்டியையும் துண்டையும் பார்த்தால் திருப்பி அனுப்பலாம் என்று அவர்களாகக் கற்றுக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

இன்னொருவர், "உம்ராவ் சிங் வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்தானே, அவருக்கென்ன மரியாதை" என்று எழுதியிருக்கிறார். இதை என்னால் அப்படியே விட முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அத்தனை பேரும் மன்னர்மேல் பாசம் வைத்துப் போனார்களா? மழை பொய்த்தது, கடன் ஏறியது, மாதச் சம்பளம் வருகிற ஒரே வழி அதுவாக இருந்தது. நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். மதராசிகள் போர்க்குணம் இல்லாதவர்கள் என்று ஒதுக்கி, 1920களின் கடைசியில் மதராஸ் ரெஜிமென்ட்டைக் கலைத்தவன் அதே வெள்ளைக்காரன்தான். இரண்டாம் உலகப் போர் வந்து நின்றதும் மறுபடி ஆளெடுத்தான். வேண்டும்போது வீரன், வேண்டாதபோது வீட்டுக்குப் போ. அவன் செய்ததையே இன்றைக்கு நாம் செய்கிறோம், அதுதான் என் வருத்தம். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படைக்குப் போன நம் ஆட்களை மட்டும் நாம் நன்றாக வைத்துக்கொண்டோமா? யாருக்காகச் சண்டை போட்டார் என்று கேட்கிறவர்களுக்கு இன்னொன்று: 1948இல் அவர் மறுபடி போய்ச் சேர்ந்தது யாருடைய ராணுவத்தில்?

என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே ஆளெடுப்பில் போனவர்கள். 1971இல் அப்பா மேற்கே பாகிஸ்தானின் ஷகர்கர் பக்கம் இருந்தார். பசந்தர் ஆற்றைச் சுற்றிலும் கண்ணிவெடி புதைத்து வைத்திருந்த இடம். சின்ன வயதில் சண்டையைப் பற்றிச் சொல்லச் சொல்லி நச்சரிப்போம். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, கோதுமை முளைவிட்டிருந்த நிலத்தின் மேல் டாங்கிகள் ஏறிப் போனதைத்தான். யாருடைய நிலமோ, விதைத்தவன் எங்கே ஓடினானோ என்பார். எதிரி நாட்டு நிலம் அது. அவருக்கு அது கோதுமை. ஊரில் எங்கள் வீட்டுக்கு மிலிட்டரிக்காரர் வீடு என்றுதான் பெயர். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு சாகிறவரை அவர் செய்தது மல்லாட்டையும் நெல்லும்தான். டிரங்குப் பெட்டியில் பதக்கங்களுக்குப் பக்கத்திலேயே கூட்டுறவு நகைக்கடன் ரசீதுகளும் இருக்கும். இரண்டும் ஒருவர் சம்பாதித்தவைதான்.

"உன் அப்பா பட்டாளம் என்பதால் இப்படிப் பொங்குகிறாய்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம். வேறு எதற்காகப் பொங்க வேண்டும்?

"அதான் பென்ஷன், கேன்டீன், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கே" என்பவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் கேட்டு 2015இல் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தவர்கள் யார்? பதக்கம் குத்திய கிழவர்கள். அந்த ஆகஸ்ட் 14ஆம் தேதி, சுதந்திர தினத்துக்கு முதல் நாள், போலீசார் அவர்களைப் பிடித்து இழுத்த படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. அப்புறம்தான் நவம்பரில் உத்தரவு வந்தது. கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தெருவில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். விவசாயிக்கு எப்போதும் அப்படித்தானே?

"ராணுவத்தையும் விவசாயிகள் போராட்டத்தையும் கலக்காதே, அரசியல் பண்ணாதே." இதுதான் அதிகம் வந்திருக்கிறது. நான் எதைக் கலந்தேன்? ஜெய் ஜவான், ஜெய் கிசான் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவர் 1965இல் நம் பிரதமராக இருந்த சாஸ்திரி. வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பரில் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் டெல்லி எல்லையில் மழையிலும் குளிரிலும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே பதக்கம் குத்திய முன்னாள் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த இடங்களில் ஒன்றான திக்ரி எல்லை எங்கே இருக்கிறது? உம்ராவ் சிங்கின் ஜஜ்ஜர் மாவட்டத்தை ஒட்டித்தான். அந்த ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார், இன்னொருவர் கழனியில் இருப்பார். அவர்களைப் பார்த்துத் தேசத்துரோகி என்று எழுதிய அதே விரல்கள் ராணுவ தினத்தன்று சல்யூட் படம் போட்டன. கலந்து வைத்தது நானில்லை, அந்தக் குடும்பங்கள் அப்படித்தான் வாழ்கின்றன.

இப்போது ராணுவத்தில் அக்னிபத் என்ற நான்கு வருடச் சேவை வந்திருக்கிறது. 2022இல் அறிவித்தபடி, அதில் சேர்கிற நான்கு பேரில் ஒருவர் வரைக்கும்தான் தொடர்ந்து இருக்க முடியும். மற்றவர்கள் பென்ஷன் இல்லாமல், கையில் ஒரு தொகையோடு இருபதுகளிலேயே ஊருக்கு வருவார்கள். எந்த ஊருக்கு? என்ன வேலைக்கு? அப்பா திரும்பியபோது எங்கள் கிணற்றில் தண்ணீராவது இருந்தது.

அப்பாவைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் எல்லையில் இருந்த வருடங்களில் அந்தக் கழனியைப் பார்த்தது யார்? அம்மா. விதைப்பு சமயத்தில் அவருக்கு லீவு கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அம்மாவே ஆள் வைத்து, தானும் இறங்கி, மாமியார் பேச்சையும் கேட்டுக்கொண்டு விதைத்தாள். போர் நடந்த டிசம்பரில் வானொலிச் செய்தி கேட்டுவிட்டு அழுதுகொண்டே போய்க் களை எடுத்ததாகச் சொல்வாள். நின்றால் கூலி ஆட்களும் நின்றுவிடுவார்களாம். அவளுக்கு எந்த மேடையும் இல்லை, எந்தப் பட்டியலும் இல்லை. பெரியப்பாவையாவது வாசல்வரை வரச் சொன்னீர்கள்.

போன நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இயந்திரத்தில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் ரேகை பதியவில்லை. மண்ணிலும் அரிவாளிலும் தேய்ந்த விரல்கள். அங்கே இருந்த பையன், "கை சரியில்ல பாட்டி, அடுத்த வாரம் வாங்க" என்றான். அவள் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு வந்த கோபம்தான் இது என்று நினைக்கிறேன், டிசம்பர் 16 ஒரு சாக்கு.

சால்வையை வீட்டுக்கே கொண்டுவந்து போர்த்துகிறோம், பதிவை எடுத்துவிடுங்கள் என்று விழாக் குழுவிலிருந்து போன் வந்தது. எடுக்க மாட்டேன். பெரியப்பாவிடம் நேரில் போய்ப் பேசுங்கள். வீட்டில் இருக்க மாட்டார், கழனியில் இருப்பார். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கித்தான் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு: ரேகை பதியாவிட்டால் கைபேசியில் முகத்தைக் காட்டியும் உயிர்வாழ் சான்று கொடுக்கலாம். இது பல பெரியவர்களுக்குத் தெரியவில்லை, நிறையப் பேர் பென்ஷன் நின்றுபோய் அலைகிறார்கள். உங்கள் ஊரில் பட்டாளத்திலிருந்து வந்தவர்களோ அவர்கள் மனைவிமார்களோ இப்படிச் சிக்கலில் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். நம் பக்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வந்து செய்து தருகிறேன்.