குடல் பொடி விற்பவர்களுக்கு எலி என்ன சாட்சி சொல்லும்?

கை நடுக்கமும் தடுமாற்றமும் தரும் பார்கின்சன் என்ற நரம்பு நோய் குடலில் தொடங்குகிறது என்று இப்போது ஊரெல்லாம் பேச்சு. ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில்கூடக் காதில் விழுந்தது. ஆராய்ச்சி பொய்யில்லை. அதைக் காட்டிக் 'குடல் சுத்தப் பொடி' விற்பதுதான் அயோக்கியத்தனம்.

நடந்தது இதுதான். ஆல்ஃபா சைனுக்ளீன் என்ற புரதம் உருக்குலைந்து திரண்டு மூளையில் படிவது பார்கின்சனின் முக்கிய அடையாளம். 2019-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் திரளைச் சுண்டெலிகளின் இரைப்பை, முன்சிறுகுடல் சுவரில் ஊசி மூலம் ஏற்றினார்கள். அது மெல்ல மெல்ல, மாதக்கணக்கில், மூளைக்கு ஏறியது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை அறுத்துவிட்ட எலிகளில் ஏறவில்லை. அதற்கு முன்பே, 2016-ல், அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் இந்தப் புரதம் அதிகமாக உருவாகும்படி மாற்றிய எலிகளைக் குடல் கிருமியே இல்லாமல் வளர்த்தார்கள், தடுமாற்றம் குறைந்தது. நோயாளிகளின் மலத்திலிருந்த கிருமிகளை உள்ளே விட்டதும் கூடியது.

இதில் பொடி எங்கே வந்தது?

எலிக்குத் தானாக இந்த நோய் வருவதில்லை, நாம்தான் வரவழைக்கிறோம். மனிதரிலும் சிலருக்குக் குடலில், சிலருக்கு மூளையிலேயே தொடங்கலாம் என்றுதான் இப்போது பலர் கருதுகிறார்கள். மலச்சிக்கல் இதற்கு முன்னறிகுறியாக இருக்கலாம்தான், ஆனால் அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. அதனால் அப்புச்சிக்கு வயிறு போகவில்லை என்றதும் வீடே கதிகலங்க வேண்டாம்.

எனக்கு ஆத்திரம் வேறொரு இடத்தில். ரோட்டினோன் என்ற பூச்சிமருந்தைச் சிறிய அளவில் எலிகளின் வயிற்றுக்குள் செலுத்தியபோதும் குடல் நரம்புகளில் தொடங்கி மூளை வரை இதே புரதம் சேர்ந்தது, 2010-ல் வந்த ஆய்வு. அடுத்த வருடமே அமெரிக்காவில் பூச்சிமருந்து அடிக்கும் விவசாயக் குடும்பங்களைப் பார்த்தார்கள். ரோட்டினோனோ பாராகுவாட் களைக்கொல்லியோ பயன்படுத்தியவர்களுக்குப் பார்கின்சன் இருக்கும் வாய்ப்பு சுமார் 2.5 மடங்கு. இதுதான் காரணம் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை, சரி. ஆனால் கோபியிலும் பெருந்துறையிலும் மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் டேங்கோடு வெறுங்காலில் மருந்தடிக்கிறவர்களை நான் பார்க்கிறேன். பொடி விளம்பரத்தைப் பகிர்கிற ஒருத்தரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கையுறை விற்றால் கமிஷன் கிடைக்காது போல.

வீட்டுப் பெரியவர்களுக்குப் புதிதாக மலச்சிக்கல் வந்து தீராமலே இருக்கிறதா, வாசனை தெரியாமல் போகிறதா, தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கத்துகிறார்களா, கைகாலை உதைக்கிறார்களா? இவையெல்லாம் கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்னாலேயே வரக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் வேறு சாதாரணக் காரணமும் இருக்கலாம். சேர்ந்து வந்தால் நரம்பியல் மருத்துவரிடம் மொத்தமாகச் சொல்லுங்கள். ஆத்தாவோ அப்புச்சியோ இதையெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு தாங்களாகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். எத்தனை வருடம், என்ன மருந்து தோட்டத்தில் அடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.