சாமி வந்ததா, நோய் வந்ததா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயிலில் தீமிதிக்குக் காப்பு கட்டிய ஒருவர், மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து போர்வையில் எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். எறும்பு எதுவும் இல்லை. கை நடுங்கியது, சட்டை வியர்வையில் ஊறிக் கிடந்தது, பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லை. "முனி அடிச்சிருக்கு" என்றார் ஒரு பெரியவர். மலாய் மந்திரவாதியான போமோவைக் கூப்பிடலாமா என்று பேச்சு ஓடியது. வருஷக்கணக்கில் தினமும் சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்தவர், காப்பு கட்டிய அன்று ஒரேயடியாக நிறுத்திவிட்டார் என்பது மட்டும் யார் வாயிலும் வரவில்லை.

வந்திருந்தது டெலிரியம் ட்ரெமென்ஸ், குடியைத் திடீரென்று நிறுத்துவதால் வரும் கடுமையான மனக்குழப்பம். சாராயம் மூளையை மந்தப்படுத்தும். அதைச் சமாளிக்க மூளை தன் வேகத்தைக் கூட்டியே பழகிவிடும். திடீரென்று குடியை நிறுத்தினால் அந்த வேகம் அடங்க வழியில்லை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நாளுக்குள் குழப்பமும், இல்லாததைப் பார்ப்பதும் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். மருத்துவமனையில் நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தும் வைட்டமின் பி1-உம் கொடுத்துக் காப்பாற்றிவிட முடியும். இவரும் பிழைத்துக்கொண்டார்.

சாமியாடுவதே பைத்தியம் என்று பேசும் படித்த கூட்டத்தோடும் எனக்கு ஒத்துவராது. உருமி அடித்தால் அருள் வரும், திருநீறு பூசினால் மலையேறும், மறுநாள் காலையில் அதே ஆள் செம்பனைக் குலை வெட்டக் கிளம்பிவிடுவார். மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் டிஎஸ்எம்-5 கையேடே, ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டில் வருகிற இத்தகைய நிலையை நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. நோய்க்கு உருமியும் தெரியாது, திருநீறும் தெரியாது. தூக்கத்தையும் வேலையையும் கெடுத்துக்கொண்டு அது பாட்டுக்கு இருக்கும்.

மெதுவாக வருகிறதே, அது இன்னும் ஏமாற்றும். ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். நன்றாகப் படித்த பையன் அறைக்குள்ளேயே கிடப்பான், குளிக்க மாட்டான், கூட்டாளிகளைத் தவிர்ப்பான். வீட்டில் "சோம்பேறி" என்பார்கள். காதில் குரல் கேட்கிறது என்று அவன் சொல்லும்போதுதான் செய்வினை எடுக்க ஆள் தேடுவார்கள். பணமும் போகும், மாதங்களும் போகும்.

டாக்டரிடம் போகத் தயங்குவதற்கு நம் ஊர்க் கேலியும் ஒரு காரணம். 1911-இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை இங்கிருந்து கூப்பிடு தூரம். "அங்க அனுப்பிடுவேன்" என்று பிள்ளைகளை மிரட்டியே வளர்த்துவிட்டோம். உண்மையில் முதல் படி அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தான்தான். கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). வேண்டுமென்றால் அவர்களே மேலே எழுதிக் கொடுப்பார்கள். தைராய்டு, காய்ச்சல், சர்க்கரை இறங்குவது போன்ற உடம்புக் கோளாறும் ஆளை மாற்றிவிடும். அதற்கும் அங்கே ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் திடீரென்று ஆள் குழம்பினாலோ வலிப்பு வந்தாலோ கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். அவசர எண் 999-க்கு அடியுங்கள்.

கோயில் தலைவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காப்பு கட்ட வருகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு, தினமும் குடிக்கிற ஆளா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், விரதம் ஆரம்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே கிளினிக்குக்கு அனுப்புங்கள். அங்கே சொல்கிறபடி குடியை விடட்டும், காப்பை அப்புறம் கட்டலாம்.