புகார் கொடுத்தால் முதலில் பிடிபடுவது யார்?

சம்பளப் பாக்கி இருந்தும் வளைகுடாத் தொழிலாளர்கள் ஏன் புகார் கொடுப்பதில்லை என்று கட்டுரையாளர் கேட்கிறார். எப்படிக் கொடுப்பார்கள்? சவுதியில் சம்பளம் கேட்டதற்காக எங்கள் ஊர்ப் பையன்மேல் முதலாளி ‘ஹுரூப்’ போட்டுவிட்டார். வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று அரசுக்கு ஆன்லைனில் ஒரு தகவல், அவ்வளவுதான். அவனுடைய இக்காமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி, செல்லாமல் போய்விட்டது. லேபர் கோர்ட்டுக்குப் போகும் வழியில் போலீஸ் மறித்தால் உள்ளே போவது அவன்தான், ஏமாற்றியவர் அல்ல. பாக்கியை விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தான்.

கத்தார் 2020இல், முதலாளியின் என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. வரவேற்கிறேன். ஆனால் அங்கும் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிப்பது முதலாளி கையில்தானே இருக்கிறது? சம்பள வழக்கு முடியும்வரை தொழிலாளியை நாடு கடத்தக் கூடாது. அதுவரை வேறு இடத்தில் வேலை பார்க்கவும் விட வேண்டும். நம் அரசு வளைகுடா நாடுகளுடன் ஒப்பந்தம் பேசும்போது இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.