நம்ம ஊர்க் கதைகளில் மாடு எங்கே போனது?

குடும்பக் கதையில் ஒரு நாயோ மாடோ வந்தாலே எனக்குப் பயம் வந்துவிடும். முடிவதற்குள் அது செத்துப்போகும். அப்பாவும் மகனும் அதன் பக்கத்தில் நின்று அழுவார்கள், பல வருஷத்துப் பகை தீரும், படிக்கிறவர்களுக்கும் கண் கலங்கும். ஆனால் அந்த நாய் எதைத் தின்றது, எங்கே படுத்தது, யாரைக் கண்டு பயந்தது என்று கதையில் தேடினால் ஒரு வரி இருக்காது. மனிதர்களைச் சேர்த்துவைக்கக் கூட்டிவந்து, வேலை முடிந்ததும் கொன்றுவிடுகிறார்கள். இந்த எழுத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வீடும் விலங்கும் ஒரே கதையில் வந்தால் இரண்டுக்கும் பசிக்க வேண்டும். வீட்டில் பணம் முடைப்பட்டால் அது மாட்டின் தீனியில் தெரிய வேண்டும். மாட்டுக்கு மடி வீங்கினால் அது பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்தில் தெரிய வேண்டும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கோவலன் முன்பு செய்த நல்ல காரியங்களை மாடலன் என்ற மறையவன் ஒவ்வொன்றாகச் சொல்லும்போது ஒரு கீரிப்பிள்ளை வந்துபோகும். வீட்டில் வளர்ந்த கீரி அந்த வீட்டுப் பெண்ணால் சாகிறது. உன் கையால் இனிச் சாப்பிடுவது தகாது என்று புருஷன் வடக்கே கிளம்பிவிடுகிறான். அவன் கொடுத்த வடமொழி ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தெருத்தெருவாக அலைகிறாள். கோவலன்தான் அவள் பாவம் தீர வழி செய்து, போனவனையும் கூட்டிவந்து, இருவரும் பிழைக்கப் பொருளும் கொடுக்கிறான். சில வரிகள்தான். ஆனால் ஒரு கீரியின் சாவு ஒரு வீட்டில் சோறு பரிமாறுவதையே நிறுத்திவிடுகிறது. கீரிக்கு அந்த வீட்டில் என்ன இடம் இருந்தது என்று வேறெப்படிச் சொல்ல முடியும்?

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ நாவலை இதனால்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன். கிழவனும் கிழவியுமாக ஒரு வறண்ட காட்டில் பிழைக்கும் வீடு. அங்கே வந்து சேரும் வெள்ளாட்டுக்குட்டி வளர்ந்து ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடுகிறது. வீட்டுக்கு அது பெரிய வரவு. குட்டிகள் விலை போகும் நாள் கிழவன் கையில் காசு நிற்கும் நாள், அதே நாளில் தாய்க்கு மடி கனத்து வலிக்கும். ஒரே சம்பவம், வீட்டுக்கு நல்ல நாள், ஆட்டுக்குக் கெட்ட நாள். கிழவி கெட்டவள் இல்லை, மகளைப்போல வளர்த்தவள். அவளால் விற்காமல் இருக்கவும் முடியாது. விலங்கும் குடும்பமும் பின்னிக்கொள்வது என்று நான் சொல்வது இந்த இடத்தைத்தான்.

‘வாடிவாச’லும் அப்படித்தான். அப்பனைக் கொன்ற காளை என்று மகனுக்கு ஒரு கணக்கு, தன் கௌரவம் என்று ஜமீன்தாருக்கு ஒரு கணக்கு. இரண்டும் காரி என்ற அந்தக் காளையின் முதுகில் ஏறிக்கொள்கின்றன. காரிக்கு எதுவும் தெரியாது, அது மாடாகவே இருக்கிறது. சி.சு. செல்லப்பா அதன் வாயில் ஒரு தத்துவத்தையும் திணிக்கவில்லை.

மனிதர்கள் படும் பாட்டையே எழுதி முடியவில்லை, இதில் ஆடு மாடு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஆட்டையும் மாட்டையும் நம்பிச் சோறு தின்பவர்கள் யார் என்று யோசித்தாலே போதும். அவர்கள் வீட்டில் ஆடு தனி, குடும்பம் தனி என்று கணக்கு எழுதவே முடியாது.

சரி, கிராமத்தைப் பற்றி இவ்வளவாவது எழுதிவிட்டோம். சென்னை? சென்னைக் கதைகளில் ஐடி வேலை இருக்கிறது, மெட்ரோ ரயில் இருக்கிறது, வெள்ளம் இருக்கிறது. மாட்டைக் காணோம். திருவல்லிக்கேணிச் சந்துகளில் இன்னும் கறவை மாடு கட்டியிருக்கிறார்கள். நான் வளர்ந்த தெருவில் ஒரு பால்காரர் செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். கழுத்துப் பக்கம் மயிர் உதிர்ந்து தோல் வழவழவென்று இருக்கும், தையல் விட்ட இடத்தில் வைக்கோல் நீட்டிக்கொண்டிருக்கும். அதை முன்னால் நிறுத்தியதும் பசு நக்க ஆரம்பிக்கும், எப்போதும் அதே கழுத்தைத்தான். கொஞ்ச நேரத்தில் மடி சுரந்துவிடும். வாளியில் பால் விழும் சத்தம் கேட்டதும் அவர் சம்சாரம் தூக்குப் பாத்திரத்தோடு வெளியே வருவார். அந்த அம்மா ஒருநாளும் அந்தப் பசுவின் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. அவருக்கும் ஒரு கைக்குழந்தை இருந்தது. இதை யாரும் எழுதவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

2019 அக்டோபரில் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். திருமுல்லைவாயலிலிருந்து வந்த மாடு. கன்று போட்ட பிறகும் பால் சரியாகக் கறக்கவில்லை, வலி தாங்காமல் காலால் தன் வயிற்றையே உதைத்துக்கொண்டது என்று செய்திகளில் வந்தது. அந்த வீட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கதையாக மட்டும் யோசித்துப் பார்க்கிறேன். கடன் வாங்கிப் பிடித்துவந்த மாடு. பால் இறங்கவில்லை. விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்கிறாள் மனைவி, உன் அண்ணன்தானே கைகாட்டினார் என்கிறான் புருஷன். வீட்டுக்குள் சண்டை, கொட்டகையில் மாடு வயிற்றை உதைக்கிறது. அதன் வயிற்றில் கிடப்பதோ நாம் மிச்சச் சாம்பாரைக் கட்டி எறிந்த பைகள். எங்கோ ஒரு அடுக்குமாடி வீட்டில் கட்டிய முடிச்சு இங்கே ஒரு கல்யாணத்தை அறுக்கிறது. இதற்குமேல் ஒரு நாவலாசிரியருக்கு என்ன வேண்டும்?

மெரினா குதிரைகளையும் சொல்லவேண்டும். 2020 ஊரடங்கில் கடற்கரையை மூடியபோது சவாரி இல்லை, வருமானம் இல்லை. வீட்டில் அரிசி வாங்குவதா, குதிரைக்குக் கொள்ளு வாங்குவதா என்று அந்தக் குடும்பங்கள் திண்டாடின. அப்போது நாம் எழுதிக் குவித்த ஊரடங்குக் கதைகளில் பால்கனி இருந்தது, குதிரை இல்லை.

அப்புறம் வடசென்னைப் புறாக்கள். கர்ணமடிக்கிற புறா தனி, மணிக்கணக்கில் உயரத்தில் நின்று பறக்கிற ‘சாதா’ என்கிற புறா தனி. பந்தய நாளில் மொட்டைமாடியில் கழுத்து சுளுக்கும்வரை அண்ணாந்து நிற்கும் ஆண்களைப் பற்றிச் சினிமாவிலாவது கொஞ்சம் வந்தது. கீழே அடுப்படியில் நின்று, கம்பும் கோதுமையும் வாங்கின காசைக் கணக்குப் பார்க்கும் அக்காவையும் அம்மாவையும் பற்றி எனக்குத் தெரிந்து யாரும் எழுதவில்லை. வல்லூறு அடித்துக் கொண்டுபோன புறாவுக்காகச் சாப்பிடாமல் படுத்துக்கொண்ட தம்பியை அவர்கள்தான் எழுப்பிச் சோறு போட்டிருப்பார்கள்.

வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ புறாக்கூண்டு இருந்த வீட்டில் வளர்ந்த பெண்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். நடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கூண்டை யார் கழுவினார்கள், நோய் வந்த புறாவை யார் மடியில் வைத்திருந்தார்கள், எந்தச் சண்டையில் எந்தப் புறா விலைபோனது என்பதில் தொடங்குங்கள். தட்டச்சு செய்ய ஆள் வேண்டுமென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நான் செய்து தருகிறேன்.