தோஹாவில் நடந்ததற்கு என்னிடம் ஏன் கணக்குக் கேட்கிறீர்கள்?

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை இரவு தோஹாவில் நடந்த இந்தியா – கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதி ஆட்டத்திலிருந்து ஒரே படத்தைப் பதினேழு பேர் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். பந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது, கத்தார் வீரர் அதைக் காலால் உள்ளே இழுக்கிறார். கீழே ஒரு வரி: "என்ன சார், இப்போதும் வி.ஏ.ஆர். வேண்டாமா?" கூடவே சிரிப்புப் பொம்மை. வி.ஏ.ஆர். என்றால் தனி அறையில் வீடியோ பார்த்து நடுவரின் தவறைத் திருத்தும் முறை; அதற்கு நடுவர் காற்றில் ஒரு கட்டம் வரைந்து காட்டுவார். நான் அந்த ஆட்டத்தைக் கடைசி விசில்வரை பார்த்தவன். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதற்கு முன்னால் புண் யாருடையது என்றாவது பார்த்திருக்கலாம்.

ஐந்து வருடமாக நான் சொல்வது ஒன்றுதான். வி.ஏ.ஆர். வந்தால் தவறு குறையலாம். ஆனால் தவறு செய்த ஆள் காணாமல் போய்விடுவார். இந்த இரண்டாவது பாதியை யாரும் படிப்பதில்லை. "இவர் கேமராவுக்கு எதிரி" என்று முத்திரை குத்திவிட்டுப் போய்விடுகிறீர்கள்.

முதலில் தோஹா. கோல்கோட்டுத் தொழில்நுட்பம் இருந்திருந்தால் தப்பித்திருப்போம் என்று ஒரு நண்பர் நீளமாக எழுதியிருக்கிறார். ஐயா, அந்தக் கருவி இரண்டு கம்பங்களுக்கு நடுவில் பந்து முழுவதும் தாண்டியதா என்று மட்டும் பார்ப்பது. நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் தடுத்த பந்து வெளியே போனது கம்பத்துக்குப் பக்கவாட்டில். அங்கே அந்தக் கருவிக்கு வேலையே கிடையாது. அதைப் பார்க்க வேண்டியவர் கொடியும் கையுமாகக் கோட்டின் மேல் நின்றிருந்தவர். அவர் பார்க்கவில்லை. தென்கொரிய நடுவரும் பார்க்கவில்லை. கத்தாரின் யூசுஃப் அய்மன் உள்ளே தட்டிவிட்டார், 73ஆவது நிமிடத்தில் 1-1. பிறகு 85ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோல். முதன்முறையாக உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்துக்குப் போயிருக்க வேண்டிய அணி வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆசியத் தகுதிப் போட்டிகளில் அந்த மூன்றாம் கட்டத்திலிருந்துதான் வி.ஏ.ஆர். என்பதும் எனக்குத் தெரியும். அதாவது ஏழைகளுக்குக் கொடி, மேல்மாடிக்குக் கேமரா. சரி, ஒப்புக்கொள்கிறேன்: அந்த ஒரு பந்துக்கு ஒரு திரை இருந்திருக்கலாம். எழுதிக் கொடுத்துவிட்டேன், படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன். இதே கத்தாரில் 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பை நடந்தது. வி.ஏ.ஆர். இருந்தது, ஆஃப்சைடு (சக வீரர் பந்தை அனுப்பும் கணத்தில் எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நிற்கும் தவறு) பார்க்கப் பாதித் தானியங்கி முறைகூட இருந்தது. மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம், ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மார்ச் மாதம் குவஹாத்தியில், நம் கேப்டன் சுனில் சேத்ரியின் 150ஆவது ஆட்டத்தில், ஆப்கானிஸ்தானிடம் 2-1 என்று தோற்றோமே, அங்கே எந்தக் கேமரா குறைந்தது? அன்றைக்கு எனக்கு இரண்டு பேர்தான் எழுதினார்கள். பதினேழு பேரில் மீதிப் பதினைந்து பேர் எங்கே இருந்தீர்கள்?

இங்கிலாந்துக்கு வருவோம், எல்லோரும் அதைத்தானே உதாரணம் காட்டுகிறீர்கள். 2023 செப்டம்பர் 30, டோட்டன்ஹாம் மைதானம். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்கு ஆஃப்சைடு கொடி உயர்ந்தது. அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் கோடு போட்டுப் பார்த்தார்கள், ஆஃப்சைடு இல்லை. ஆனால் களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, "சரிபார்த்தாயிற்று" என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது. மறுஒளிபரப்பை இயக்கியவர்தான் ஏதோ தவறு என்று முதலில் உணர்ந்தார். அதிகாரியின் பதில்: எதுவும் செய்ய முடியாது. பிறகு வெளியிட்ட ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கோலைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டோம் என்று தெரிந்தும், விதிப்புத்தகத்தில் வழி இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கேமரா சரியாகத்தான் காட்டியது! கோடும் சரி! லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

கோல்கோட்டுத் தொழில்நுட்பத்தை நான் ஏற்றுக்கொண்டவன். 2010 உலகக் கோப்பையில், புளூம்ஃபோன்டைனில், இங்கிலாந்தின் லம்பார்ட் அடித்த பந்து கோட்டுக்கு அவ்வளவு உள்ளே விழுந்தும் கோல் தராததைப் பார்த்த பிறகு எதிர்க்க யாருக்கு மனது வரும்? ஒரு நொடியில் நடுவரின் கைக்கடிகாரம் அதிரும், முடிந்தது. ஆனால் அதிலும் பாருங்கள், 2020 ஜூன், ஆஸ்டன் வில்லா – ஷெஃபீல்டு யுனைடெட். வில்லா கோல்கீப்பர் பந்தை அணைத்துக்கொண்டே கோட்டுக்குள் போய் விழுகிறார். வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவனுக்குக்கூடத் தெரிந்தது. ஏழு கேமராக்களையும் ஆட்கள் மறைத்துவிட்டார்களாம், கடிகாரம் அதிரவில்லை. நடுவர் மணிக்கட்டைக் காட்டினார். வி.ஏ.ஆர். அறையும் வாய் திறக்கவில்லை. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் இதுவே முதல்முறை என்று அந்தக் கருவியை நடத்தும் ஹாக்-ஐ நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நம்புகிறேன். ஆனால் கண்ணால் பார்த்த கோலை, கடிகாரம் சொல்லவில்லை என்பதற்காக ஒருவர் மறுக்கிறாரே, அந்த மணிக்கட்டுத்தான் என் பிரச்சினை. அந்தப் பருவத்தில் வில்லா ஒரே புள்ளியில் முதல் பிரிவில் பிழைத்தது. கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய போர்ன்மவுத் அணியின் ரசிகனிடம் போய் "முதல்முறை" என்று சொல்லிப் பாருங்கள்.

இங்கே ஒரு சொந்தக் கதை. கன்னியாகுமரிக் கடற்கரையில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்குச் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) போட்டி நடக்கும். கோலுக்குப் பின்னால் கட்டுவது கடலுக்குப் போய் உழைத்து ஓய்ந்த பழைய மீன்வலை. எனக்குப் பத்தொன்பது வயது. அரையிறுதியில் நான் அடித்த பந்து கம்பத்தை ஒட்டி உள்ளே போய், வலையின் கிழிசல் வழியாக வெளியே போய் மணலில் விழுந்தது. லைன்ஸ்மேனாக நின்றவர் வலை பொத்தும் தொழில் செய்தவர். அவரை ஊரே மாமா என்றுதான் கூப்பிடும். வெளியே என்று கொடியைக் காட்டினார். தோற்றோம். அன்றிரவு நான் சாப்பிடவில்லை, அவரை என்னவெல்லாமோ சொன்னேன், அவர் காதுக்கும் அது போயிருக்கிறது.

மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போனால், மனிதர் கோலுக்குப் பின்னால் குந்தியிருந்து அந்தக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருக்கிறார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "மக்களே, நேற்று உன் பந்து உள்ளேதான் போயிருக்கிறது. எனக்குத் தப்பிப்போயிற்று" என்றார். மறுபடியும் ஊசியை எடுத்துக்கொண்டார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து நூலைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது சொல்லுங்கள், இங்கிலாந்தின் வி.ஏ.ஆர். அறை இருக்கும் ஸ்டாக்லி பார்க்கில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து இப்படி ஒரு காலை யாருக்காவது கிடைக்குமா? அறிக்கை வரும். "குறிப்பிடத்தக்க மனிதப் பிழை" என்று ஒரு வரி வரும். பிழை யாருடையது? மனிதனுடையது. எந்த மனிதன்? நடைமுறை.

"அப்படியென்றால் 1986 உலகக் கோப்பையில் மரடோனா கையால் தட்டிய கோலும் சரியா?" என்பீர்கள். சரியில்லைதான், ஆனால் அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த கேள்விக்குப் போவோம்.

"வி.ஏ.ஆர். வந்து சரியான முடிவுகள் 82 சதவீதத்திலிருந்து 96 ஆகியிருக்கிறதே" என்பது அடுத்தது. இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக் தானே சொல்லிக்கொண்ட கணக்கு அது. பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2024 ஏப்ரலில் கவென்ட்ரி அடித்த கோலை நீங்கள் சரியான முடிவுகளில்தானே சேர்த்திருப்பீர்கள்? இரண்டாம் நிலை அணி, எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, மான்செஸ்டர் யுனைடெடிடம் மூன்று கோல் பின்தங்கி 3-3 ஆக்கி, கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில் நான்காவதையும் அடித்தார்கள். வெம்பிளியே இடிந்து விழும்போலக் கத்தியது. பிறகு கோடு வரைந்தார்கள். ஒரு கால்விரல் ஆஃப்சைடு. நொடிக்கு 50 ஃபிரேம் எடுக்கும் கேமராவில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஓடுகிற வீரன் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்துவிடுகிறான். பந்து காலை விட்ட கணம் இதுதான் என்று எந்தப் படத்தில் நிறுத்துவது? அதை நிறுத்துவது ஒரு மனிதனின் விரல். அந்த விரலை நம்பினால் அறிவியல், மாமாவின் கண்ணை நம்பினால் மூடநம்பிக்கை!

2024 ஜூன் 6, வியாழக்கிழமை பிரீமியர் லீக் கிளப்புகள் வாக்கெடுத்தன. வி.ஏ.ஆரை நீக்கச் சொன்னது உல்வ்ஸ் மட்டும். 19-1. என்னைக் கேலி செய்ய இதையும் அனுப்பினீர்கள். அதே நாளில் கொல்கத்தாவில் சேத்ரி தன் கடைசி ஆட்டம் என்று அன்று அறிவித்திருந்ததை முடித்துவிட்டு அழுதுகொண்டே மைதானத்தைச் சுற்றி வந்தார். அதை எனக்கு யாருமே அனுப்பவில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறீர்கள். செவ்வாய் இரவு ஒன்பது ஐம்பதைத் தாண்டியிருக்கும், 37ஆவது நிமிடம், சாங்தே கோல் அடித்தார். அவர்கள் ஊரில் நாம் 1-0 முன்னிலை. நான் கத்திய கத்தலில் தூங்கிக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். யாரும் கோடு வரைவார்கள் என்று நான் காத்திருக்கவில்லை. அடித்த நொடியிலேயே அது கோல். அப்படிக் கத்தி எத்தனை நாளாயிற்று என்று எனக்கே நினைவில்லை. இங்கிலாந்து ஆட்டங்களில் இப்போதெல்லாம் நான் பாதிதான் எழுந்திருக்கிறேன், நாற்காலியில் கையை ஊன்றியபடி.

அவள் மறுபடி தூங்கப் போகவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். 73ஆவது நிமிடம் அந்தப் பந்து வெளியே போய் உள்ளே வந்தபோது நான் எழுந்து நின்று, இரண்டு கை விரல்களாலும் காற்றில் ஒரு பெரிய கட்டம் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை.

"அது என்ன அப்பா?" என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை, போய்த் தூங்கு என்றேன்.