"காலைத் தூக்கு பிள்ளை"

சென்ற வாரம் உப்புவெளியில் ஒரு குழந்தையின் முப்பத்தோராம் நாள் சடங்கு. பத்தியக் கறி வாசத்துக்கு நடுவில் பெரியம்மா தொடங்கினார்: "பிள்ளை பெறும்போது விறைக்க முதுகில் ஊசி போட்டால் சாகும்வரை நாரி நோவுதான்." நாலு பேர் தலையாட்டினார்கள். ஆறு மாதக் கர்ப்பிணியான என் மச்சாளின் முகம் கறுத்துவிட்டது.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஊசி போடாத தாய்க்கும் நாரி நோகும். இரு தரப்பையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால வலியில் வித்தியாசம் தெரியவில்லை. உண்மையில் கவனிக்க வேண்டிய ஒன்றைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

ஊசியோ, பிரசவ வலிக்கு மருந்து செலுத்த முதுகில் வைக்கும் எபிடியூரல் என்ற மெல்லிய குழாயோ முள்ளந்தண்டுக்குள் ஓடும் சிறு நாளத்தைக் கீறினால் இரத்தம் கசியும். அநேகமாகத் தானே நின்றுவிடும். நிற்காவிட்டால், சுற்றிலும் எலும்பு என்பதால், தேங்கிய இரத்தம் நரம்பை நசுக்கும்; கால் இயங்காமல் போகலாம். மிக அரிது: பிரசவ எபிடியூரலில் 168,000 பேருக்கு ஒருவர் என்றது 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. ஆகவே ஊசி வேண்டாமென்று அடம்பிடிக்காதீர்கள்; சிசேரியனுக்கு முழு மயக்கத்தைவிடப் பொதுவாக இதுவே பாதுகாப்பு.

ஆனால் பிறஷர் கூடி இரத்தத்தட்டுகள் (பிளேட்லெட்) குறைந்தவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 2017இல் டெங்கு கிண்ணியாவை உலுக்கியபோது "பிளேட்லெட் எவ்வளவு?" என்று கேட்காத வீடில்லை. அதே எண்ணைத்தான் மயக்க மருந்து வைத்தியரும் பார்க்கிறார். 70,000க்குக் கீழென்றால் மிகவும் யோசிப்பார். இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போடுபவர்கள் கடைசி ஊசியின் நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். சிறிய அளவென்றால் 12 மணித்தியாலம், பெரிய அளவென்றால் 24 காத்திருப்பார்கள். குழாயை உருவும்போதும் இதே கணக்குப் பார்ப்பார்கள்.

என் மூத்தவன் பிறந்த இரவு, தாதி மிஸ் ஒருவர் திரும்பத் திரும்ப வந்து "காலைத் தூக்கு பிள்ளை" என்றார். தொல்லையென்று நினைத்தேன். போர்வைக்குள் முதலில் அசைந்தது பெருவிரல். பிறகு முழங்கால் மடிந்தது. எதற்காகக் கேட்கிறார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த கட்டிலில் ஒரு மாமியார் மருமகளிடம், "விறைப்பு மெல்லத்தான் போகும், சத்தம் போடாமல் நித்திரை கொள்" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆபத்தும் அங்கேதான்.

முதுகில் கடைசியாக விறைப்பு மருந்து கொடுத்து நான்கு மணித்தியாலமாகியும் காலைத் தூக்க முடியாவிட்டால், விட்ட விறைப்பு திரும்பி வந்தால், முதுகில் புதிதாகக் கடும் வலி எழுந்தால், வெட்கம் பார்க்காமல் கூப்பிடுங்கள். எம்ஆர்ஐ எடுத்து இரத்தக்கட்டை அகற்ற சில மணித்தியாலங்களே உண்டு. அறிகுறி தொடங்கி எட்டு மணித்தியாலத்துக்குள் செய்தால் கால் மீள வாய்ப்பு அதிகம்.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். "நீ படித்தவள்" என்று இன்னொரு வடையை வைத்தார். படலையடியில் செருப்புப் போடும்போது மச்சாள் மெதுவாகக் கேட்டாள்: "எத்தனை மணித்தியாலம் என்றீர்கள் மச்சாள்?"